ஏழாம் சுருள்

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சிட்டுக் கொடுத்தே காலம் தள்ளிய தனுஷ்கோடிக்குத் தாம் ஒருகாலத்தில் திரைப்படம் எடுத்தவர் என்னும் நினைவு, பீரோவின் கீழ்த்தட்டைத் திறக்கும்போது மட்டுமே வரும். பட்டு வேட்டிகளுக்கு அடியில், வட்ட வடிவமான இரும்புப் பெட்டிகளுள் அப்படத்தின் பிரதி கிடந்தது. 'நாலாவது வாசல்' என்பது அதன் பெயர். வெடிமருந்து அறைகளுக்கு நான்கு புறமும் வாசல் வைப்பார்கள். பொறி எந்தப் பக்கம் கிளம்பினாலும் வேறொரு பக்கம் ஓடித் தப்புவதற்காக. ஓடித் தப்பிய ஒருத்தியையும், தப்ப இயலாத அவள் தங்கையையும் பற்றிய கதை அது. 1980-ஆம் ஆண்டில், ஏழாயிரம்பண்ணைக்கு அப்பாலுள்ள முத்தாண்டிபட்டி என்னும் சிற்றூரில், அவ்வூர்த் தொழிலாளரையே நடிக்க வைத்துக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். எடுத்தவருக்கு இருந்த ஊக்கம் வாங்குவோருக்கு இல்லை. தந்தையார் ஒருநாள் அச்சகத்துச் சாவியை மகனின் சட்டைப்பையில் போட்டார். அத்தோடு அந்த அத்தியாயம் முடிந்தது.

இருபத்தாறு ஆண்டுகள் கழித்து அதனைத் தட்டி எழுப்பியவள் அவர் மகள் பிரீத்திகா. அச்சகத்தின் கணினி வேலை முழுவதும் அவள் பொறுப்பு. பழைய வீடியோ நாடாவிலிருந்து படத்தைக் குறுந்தகடாக மாற்றி, உரையாடலை ஆங்கிலத்தில் எழுதிச் சேர்த்து, உலகத்துத் திரைப்பட விழாக்களுக்கெல்லாம் அனுப்பத் தொடங்கினாள்.

"கெழட்டு மாட்டுக்குச் சலங்கை கட்டுதியே, தாயி," என்றார் தனுஷ்கோடி.

"சலங்கை கட்டுனா ஆடுமா ஆடாதான்னு பாப்போம்ப்பா."

முதலில் ஆடவில்லை. அனுப்பிய இடங்களிலிருந்தெல்லாம் ஒரே விடை வந்தது: சென்ற ஆண்டிலோ இவ்வாண்டிலோ எடுத்த படமாக இருத்தல் வேண்டும். "பொண்ணு பாக்க வந்தவுக வயசக் கேட்டுட்டு எந்திரிச்சுப் போற மாதிரி இருக்கே," என்று தனுஷ்கோடி சிரித்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தச் சிரிப்பு சற்றுத் தாமதமாகவே வந்தது. பிறகு, ஐரோப்பாவின் வடகோடியில் ஒரு சிறு நகரத்தில் நடக்கும் விழாவைப் பிரீத்திகா கண்டுபிடித்தாள். வெளியுலகம் காணாமலே போன பழைய படங்களுக்கென்று அவ்விழாவில் தனிப் பகுதி இருந்தது. ஐப்பசி மாதத்தில், தீபாவளி ஆர்டரெல்லாம் முடிந்து அச்சு இயந்திரம் ஓய்ந்திருந்த ஒரு பிற்பகலில் விடை வந்தது. படத்தைத் தேர்ந்தெடுத்திருந்தனர். விழாவை நடத்தும் அம்மையார் ஒரு நிபந்தனையை மட்டும் எழுதியிருந்தார்: 'நாங்கள் குறுந்தகட்டைத் திரையிடுவதில்லை. முழுமையான படச்சுருள் பிரதி வேண்டும்.'

"அது கெடக்கே நம்ம பீரோவுல!" என்று எழுந்த தனுஷ்கோடி, வேட்டிகளை வாரி வெளியே எறிந்துவிட்டு முதல் பெட்டியின் மூடியை நெம்பினார்.

புளித்த காடியின் நெடி அறை முழுவதும் பரவியது.

"என்னப்பா நாத்தம் இது?"

அவர் பெட்டிக்குள் விரலை விட்டார். சுருள், வெயிலில் காயவைத்த அப்பளம்போல் நெளிந்து, அடுக்கோடு அடுக்கு ஒட்டிக் கிடந்தது. விரல் பட்ட இடம் பொரிந்து உதிர்ந்தது. அடுத்த பெட்டியும் அவ்வாறே, அதற்கடுத்ததும் அவ்வாறே. சென்னையில் மூலப்படத்தை வைத்திருந்த பிரதியெடுக்கும் நிலையத்தை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தனுஷ்கோடி வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊரெல்லாம் தேடிவந்த அழைப்பு வாசலில் நிற்க, வீட்டுக்குள் பிணம் கிடப்பதுபோல் இருந்தது அவருக்கு.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. "ரெண்டு காப்பி போட்டோம், தாயி. ஒண்ணக் கோட்டைச்சாமிட்டக் குடுத்தேன்."

முத்தாண்டிபட்டிப் பட்டாசுக் கம்பெனியில் அந்நாளில் போர்மேனாக இருந்தவர் கோட்டைச்சாமி. படப்பிடிப்புக்கு இடம் வாங்கிக் கொடுத்தவரும், ஆள் திரட்டியவரும் அவரே. அவர் மனைவி சோலையம்மாள்தான் படத்தில் தமக்கையாக நடித்தாள். படம் முடிந்ததும் ஊர்ப் பொங்கலின்போது வேட்டியைத் திரையாகக் கட்டி ஒரே ஒரு முறை காட்டிவிட்டு, அந்தப் பிரதியை ஊருக்கே கொடுத்துவிட்டு வந்தார் தனுஷ்கோடி.

மறுநாளே அச்சகத்தின் லோடு வேனைப் பிரீத்திகா ஓட்ட, இருவரும் புறப்பட்டனர். மானாவாரிக் காட்டின் நடுவே ஒன்றுக்கொன்று எட்ட எட்ட நின்ற சிறு சிறு மருந்து அறைகளைக் கடந்து சென்று, கோட்டைச்சாமியின் வீட்டு முன் வேன் நின்றது.

"வாங்கண்ணாச்சி, வாங்க! இது மகளா? வா தாயி. வெயில்ல வாடிப்போயி வந்திருக்கீக. சாப்பிட்டீகளா?" என்று சோலையம்மாள் ஒரே மூச்சில் கேட்டாள். தலை நரைத்திருந்ததே ஒழிய, காமிராவையே அதட்டிய அந்தக் குரல் நரைக்கவில்லை. உட்கார வைத்து, உள்ளே போய், ஒரு வட்டமான இரும்புப் பெட்டியைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து நீட்டினாள். "எடுத்துக்கிடுங்க."

தனுஷ்கோடி மூடியை வாங்கித் திருப்பினார். மூடியின்மேல், பாதி அழிந்த சாயத்தில், தம் கையெழுத்திலேயே 'சுருள் 3' என்று இருந்தது.

"சோலையம்மா, இந்தப் பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சு?"

"முறுக்குதான்."

"அதுக்கு முந்தி?"

"சீடை."

பிரீத்திகா வாயைப் பொத்திக்கொண்டாள். தனுஷ்கோடியின் முகத்தைப் பார்த்த கோட்டைச்சாமி, "நீ ஒருத்தி! அவுக படத்தக் கேக்காக," என்று மனைவியை அடக்கிவிட்டு, "படம் பத்திரமா இருக்கண்ணாச்சி. பதறாதீக," என்றார்.

நடந்தது இதுதான். வீட்டில் எலித் தொல்லை இருந்ததால், படத்தைக் கம்பெனியின் குழாய் அறையில் வைக்க முடிவு செய்தார் கோட்டைச்சாமி. அது பட்டாசுக்கான காகிதக் குழாய்களை அடுக்கி வைக்கும் அறை. மருந்து துளியும் கிடையாது. எனினும், இரும்போடு இரும்பு உரசினால் பொறி பறக்கும், ஆகையால் அறைக்குள் இரும்பு ஆகாது என்று பழகிய கை அவருடையது. பெட்டிகளையும், படம் சுற்றியிருந்த தகரச் சக்கரங்களையும் வெளியே போட்டுவிட்டு, படத்தைத் தடித்த ராக்கெட் குழாய்களில் ஒவ்வொன்றாகச் சுற்றி, பருத்தித் துணியில் பொதிந்து, வேப்பிலை தூவி ஓலைப்பெட்டியில் வைத்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது அப்படியே வீட்டுப் பரணுக்கு ஏற்றிவிட்டார்.

ஓலைப்பெட்டியை இறக்கித் திறந்தனர். தனுஷ்கோடி குனிந்து முகர்ந்தார். காய்ந்த வேப்பிலை மணந்தது. காடி நெடி இல்லை. ஒரு சுருளின் நுனியை வெளிச்சத்தில் பிடித்தார். இளம் சோலையம்மாள் தலையில் குடத்தோடு, கட்டம் கட்டமாக, தெளிவாக நடந்து வந்தாள்.

இரும்புப் பெட்டிக்குள் இறுக அடைபட்டதனாலேயே ஒரு பிரதி தன் ஆவியில் தானே வெந்து அழிந்தது என்பதும், காற்றோட்டத்தில் கிடந்ததனாலேயே மற்றது பிழைத்தது என்பதும் பின்னர் அந்த விழா அம்மையார் எழுதித்தான் தெரிந்தன. அப்போதைக்குத் தனுஷ்கோடி கோட்டைச்சாமியின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு நின்றார்.

"அட, என்னண்ணாச்சி! இரும்பு ஆகாதுன்னு எடுத்துப் போட்டேன். இதுக்குப் போயி..." என்று கோட்டைச்சாமி கூசினார்.

சுருள்களை எண்ணிக்கொண்டிருந்த பிரீத்திகாதான் தலை நிமிர்ந்தாள். "ஆறுதான் இருக்கு. கடைசிச் சுருள் எங்க?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

"அது அம்மங்கிட்ட இருக்கு," என்றாள் சோலையம்மாள்.

படத்தின் இறுதிச் சுருளில்தான் விபத்து வருகிறது. ஊர்ப் பொங்கலில் அதனைக் காட்டியபோது பெண்கள் வாய்விட்டு அழுதனர். அடுத்த வாரமே பக்கத்துக் கம்பெனி ஒன்றில் அறை வெடித்து, இவ்வூர்க்காரர் மூவர் மாண்டனர். மருந்து அறையில் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது இங்குள்ள கட்டுப்பாடு. நாமோ அதைப் படமே பிடித்துக் கம்பெனிக்குள்ளேயே வைத்திருக்கிறோமே என்று ஊர் கூடிப் பேசிற்று. அந்த ஒரு சுருளைமட்டும் எடுத்துக் காளியம்மன் காலடியில் ஒப்படைத்தனர். அதன் பிறகு முத்தாண்டிபட்டிக்காரர் எவரும் விபத்தில் மடியவில்லை.

கோயில் பூசாரி பெத்தணன், ஒல்லியான மனிதர். பேசுவதற்கு முன் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றுகிறவர். கருவறைக்குப் பக்கத்தில், சாமித் துணிகள் வைக்கும் மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். சிவப்புத் துணியில் பொதிந்து, திருநீறும் குங்குமமும் ஏறி, காடி நெடி சிறிதும் இன்றி, சுருள் சாமியோடு சாமியாக இருந்தது.

"வெள்ளி தவறாம சூடங் காட்டிருதோம்," என்றார்.

தனுஷ்கோடி வந்த காரியத்தைச் சொன்னார். அந்த ஊர்ப் பெயர் வாயில் நுழையாததால், "கடல் தாண்டி" என்று மட்டும் கூறினார்.

பெத்தணன் துண்டை மாற்றினார். "கேக்கக் கூடாதத கேக்கீக அண்ணாச்சி. எம் மவன் முனியராஜ் மருந்துக் கலவைக்குத்தான் போறான். காலம்பற அவன் போனதுலருந்து சாயங்காலம் சைக்கிள் மணி கேக்குற வரைக்கும் எனக்கு இவளத் தவிர ஆரு காவல்?"

"ஏ பெத்தணா, அது வெடியா?" என்று சோலையம்மாள் குறுக்கிட்டாள். "வைக்கோப்படப்புக்குத் தீ வச்ச பொகைதான அது! தீ வச்சதே எங்க வீட்டு ஆளுதான். பொகை பத்தலன்னு பழைய டயரு வேற போட்டாரு."

"எரிஞ்சது வைக்கோலுதான்க்கா. அழுதது நெசந்தான?"



தனுஷ்கோடி முன்னே வந்தார். பெத்தணன் அஞ்சுவது சுருள் தொலைந்துபோகும் என்றே அவர் எண்ணினார். லேபிள் சரக்கு அனுப்பும்போது வாடிக்கைக்காரரிடம் சொல்லும் அதே உறுதியோடு, "பூசாரி, நான் பொறுப்பு. ரெண்டு மாசம்தான். போனது போன மாதிரியே திரும்பி வந்துரும். உங்க கையிலயே கொண்டாந்து ஒப்படைக்கேன்," என்றார்.

பெத்தணனின் முகம் கதவு சாத்தினாற்போல் ஆயிற்று. "அப்ப வேண்டாமண்ணாச்சி," என்று மரப்பெட்டியை மூடினார்.

பிரீத்திகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், தந்தையார் கையமர்த்தினார். தம் படம் ஓர் அரங்கில் ஓட வேண்டும் என்பது அவருடைய ஆசை. மகன் மாலையில் வீடு திரும்ப வேண்டும் என்பது அந்த மனிதருடைய ஆசை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க அவருக்கு மனம் துணியவில்லை. அம்மனைக் கும்பிட்டுத் திருநீறு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். "கடைசிச் சுருள் இல்லன்னு எழுதிரு தாயி. பொய் சொல்லி அனுப்ப வேண்டாம்," என்றார்.

"இருபத்தாறு வருசங் கழிச்சு ஒரு வாசல் தொறக்குது. அதையும் நீங்களே சாத்துறீங்க," என்றாள் மகள். அவள் கண் கலங்கியிருந்தது.

வேன்வரை உடன்வந்த சோலையம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அம்புட்டும் நல்லாப் பேசிட்டு, கடைசியில திரும்பி வரும்னு சொல்லிப்புட்டீகளே!"

"தொலையாதுன்னு சொன்னேன்மா."

"எது தொலையணும்னு தெரியலயே ஒங்களுக்கு! ஊர்ல அம்மை வந்தா, அம்மைய எறக்கி வச்ச கொடத்தக் கொண்டு எல்லைக்கு அப்பால விடுதோம்லா? விட்டது திரும்பி வந்தா ஊரு தாங்குமா? கடல் தாண்டிப் போகுதுன்னு நீங்க சொன்னப்ப அவன் மொகத்தப் பாத்தேன், பாதி மனசு எறங்கிருச்சு. அம்மன் காலடிய விட அது தூரந்தான? நீங்க என்னடான்னா, ரெண்டு மாசத்துல நானே கொண்டாந்து தாரேங்கீக!"

வேன் ஏழாயிரம்பண்ணையைத் தாண்டியது. பிறகு பிரீத்திகாதான் தொடங்கினாள். "அப்பா, அந்தம்மா எழுதுனதுல ஒரு வரி இருந்துச்சு. அவங்களுக்குக் குளிர் பெட்டகம் இருக்காம். அரிய படங்களை நிரந்தரமா வச்சுக் காப்பாத்துறாங்களாம். நாம சம்மதிச்சா..."

"திரும்பி வராது."

"வராது."

தனுஷ்கோடி அன்று மாலை முழுவதும் பீரோவின் முன் அமர்ந்திருந்தார். அழிந்த பிரதியைக் குப்பையில் போட மனமின்றி அவர் இன்னும் அங்கேயே வைத்திருந்தார். பிழைத்திருப்பது ஒன்றே ஒன்று. அதையும் கடல் கடத்திவிட்டால், தாம் எடுத்த படத்தைத் தொட்டுப் பார்க்கவும் இனி வழியில்லை. நம்முடையது என்று இறுக்கிப் பூட்டி வைத்தது காடியாகிப் போனதையும், நம்முடையது அன்று என்று எவரெவரோ துணி சுற்றி, வேப்பிலை தூவி, சூடம் காட்டிக் காத்தது பிழைத்ததையும் அவர் மாறி மாறி எண்ணிப் பார்த்தார். தாம் செய்த புண்ணியம் இதில் ஒன்றுமில்லை. பிறர் செய்ததை ஏற்றுக்கொள்வது ஒன்றே தமக்கு எஞ்சியிருக்கிறது என்று அவருக்குத் தோன்றிற்று.

"எழுது தாயி. ஏழு சுருளையும் அவுகளே வச்சுக்கிடட்டும். திருப்பி அனுப்ப வேண்டாம்."

அம்மையாரின் விடை மறுநாளே வந்தது. நன்றி என்னும் சொல்லை அவர் ஒரே கடிதத்தில் நான்கு இடங்களில் எழுதியிருந்ததாகப் பிரீத்திகா சொன்னாள். அதனை அவள் தமிழில் பெயர்த்துத் தட்டச்சு செய்து கொடுக்க, தனுஷ்கோடி தாமே பேருந்தில் எடுத்துச் சென்று பெத்தணனுக்குப் படித்துக் காட்டினார். பெத்தணன் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அந்த ஊரு குளிருமா?"

"பனி கொட்டும். பெட்டகம் அதவிடக் குளிரும்."

"அப்ப நல்லது. தணிஞ்சு கெடக்கும்." துண்டு தோள் மாறிற்று. "செவ்வாக்கெழம உச்சிக்கு வாங்க. முறையா விட்ருவோம்."

செவ்வாய்க்கிழமை அவர்கள் சென்றபோது கோயில் வாசலில் ஊரின் பாதி நின்றது. புதிதாக முடைந்த மூங்கில் சுளகில் வேப்பிலை பரப்பி, எலுமிச்சம்பழம் வைத்து, நடுவே சிவப்புத் துணியோடு சுருளை வைத்திருந்தனர். யாருக்கு ஊறு வரும் என்று அஞ்சுகிறார்களோ அவனே சுமந்து சென்று எல்லையில் விடவேண்டும் என்பது வழக்கம். ஆகையால் முனியராஜ் கம்பெனியில் சொல்லிவிட்டு வந்திருந்தான். முப்பது வயதிருக்கும். கழுவியும் போகாத அலுமினியப் பொடி முழங்கைவரை வெள்ளிபோல் மின்னியது.

"ஏலே, பாத்துத் தூக்கு. அதுக்குள்ளதான் நான் இருக்கேன்," என்றாள் சோலையம்மாள்.

"வயசுப்பிள்ளையா இருக்கீகளா, இப்பத்த மாதிரியா?"

"ஒங்க அய்யன்ட்டக் கேளு, அப்ப நான் எப்படி இருந்தேன்னு!"

கூட்டம் சிரித்தது, பெத்தணனும் சிரித்துவிட்டு, உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார். உறுமி முழங்க, எல்லைக் கல்வரை நடந்தனர். கல்லுக்கு அப்பால் வேன், சிவகாசிப் பக்கம் முகம் வைத்து நின்றது. மற்ற ஆறு சுருள்களும் அதில் ஏறியிருந்தன. கோட்டைச்சாமி, இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லாத மரப்பெட்டி ஒன்றைத் தாமே செய்து கொடுத்திருந்தார்.

கல்லின் இப்புறம் முனியராஜ் நின்றான். அப்புறம் தனுஷ்கோடி நின்று இரு கைகளையும் நீட்டினார். சுளகு கைமாறியது. இளைஞனின் மார்பு ஒருமுறை ஏறி இறங்கியதை அவர் கண்டார்.

இரவெல்லாம் அவர் ஒரு நன்றியுரையைக் கோவையாக உருவாக்கி வைத்திருந்தார். கோட்டைச்சாமிக்கு ஒரு வாக்கியம், பெத்தணனுக்கு ஒரு வாக்கியம், ஊருக்குப் பொதுவாக ஒன்று. தொண்டையைச் செருமிக்கொண்டு வாய் திறக்குமுன், பெத்தணன் உரத்துச் சொன்னார்: "வாங்கியாச்சுன்னா திரும்பிருங்க அண்ணாச்சி. அந்தாக்குல போயிருங்க. பின்னால பாக்கக் கூடாது. பேரு சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது."

தனுஷ்கோடி திரும்பினார். உரை அப்படியே நெஞ்சில் நின்றது. முதுகுக்குப் பின்னால் ஊரே நிற்பது தெரிகிறது; அவர்களைப் பார்த்து ஒரு சொல் சொல்ல வழியில்லை. சுளகை வேனுக்குள் வைத்தார். பிறகு, ஆளில்லாத சாலையைப் பார்த்தபடியே, இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்திக் குவித்தார். கண்ணீர் தாடையில் வழிந்ததை அந்தச் சாலையைத் தவிர வேறெவரும் காணவில்லை.

வேனில் ஏறி அமர்ந்தார். பிரீத்திகா, பக்கவாட்டுக் கண்ணாடியை முன்னெச்சரிக்கையாக மடக்கி வைத்திருந்தாள். வண்டி நகர்ந்தது.

அப்போது பின்னாலிருந்து, உறுமியையும் மிஞ்சிக்கொண்டு சோலையம்மாளின் குரல் வந்தது.

"அண்ணாச்சி! படத்தப் பாத்துட்டு, அந்தப் பொம்பள ஆருன்னு அங்கன எவராச்சும் கேட்டா, எம் பேர எழுதி அனுப்புங்க! பேரத் தப்பா எழுதிறாதீக!"

"எழுதுதேன் தாயி!" என்று, திரும்பாமலே, முன்கண்ணாடியைப் பார்த்து அவர் கத்தினார்.